நாற்பதுக்கு மேல் மேற்படிப்பு: மேற்குச் சென்னையிலிருந்து ஒரு கணக்கு

ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் பாடி கம்பெனிகளிலும் வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதிய ஒரு தலைமுறை உண்டு. டிப்ளமோ முடித்த கையோடு இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணம், குழந்தை, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் நடுவே செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று ஒவ்வொரு தாளாகத் தேறி, பொறியியல் பட்டத்துக்கு இணையான தகுதியை முப்பத்தைந்திலோ நாற்பதிலோ எட்டியவர்கள். அதற்கு வகுப்பும் கிடையாது, கல்லூரியும் கிடையாது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்திய தேர்வு மட்டும்தான். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த இணைத்தகுதி செல்லும் என்று மத்திய அரசு வரம்பு கட்டியதும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

நடுவயதில் புத்தகத்தைத் திறப்பது இந்த மேற்குப் பக்கத்துக்குப் புதிய பழக்கம் அல்ல என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். 1949இல் அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போன்ற ஆலைகளும். 1976இல் போர் ஊர்திகளுக்கான ஆராய்ச்சி நிறுவனம், எல்லோரும் சி.வி.ஆர்.டி.இ. என்று சொல்வது. இவற்றை நம்பி வந்து கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கிக் குடியேறியவர்களில், வீட்டு நிலைமைக்காகப் படிப்பைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்தப் பிறகு பலருக்கு நாற்பதுக்கு மேல்தான் வருகிறது.

இன்று கேள்வி முதுநிலைப் படிப்புக்கு நகர்ந்திருக்கிறது. பி.இ. முடித்துப் பதினைந்து ஆண்டு தொழிற்பேட்டையில் ஓடிய ஒருவர், எம்.பி.ஏ. இருந்தால் பிளான்ட் ஹெட் ஆகலாமா என்று கேட்கிறார். பூந்தமல்லி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. தகுதியோடு பாடம் நடத்துபவர், பிஎச்.டி. இல்லாமல் இனி காலம் தள்ள முடியுமா என்று யோசிக்கிறார். இருபத்திரண்டு வயதில் பி.எஸ்ஸி. கையோடு கல்யாணமாகி வந்தவர், மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் தான் விட்ட இடத்திலிருந்து தொடங்க நினைக்கிறார். அரசு ஊழியர் இன்க்ரிமென்ட் கணக்கைப் பார்க்கிறார். ஓய்வு பெற்றவர் தமிழோ வரலாறோ சட்டமோ படிக்க ஆசைப்படுகிறார். எல்லோருக்கும் அக்கம்பக்கத்திலிருந்து ஒரே பதில்தான் வருகிறது: “இந்த வயசுல எதுக்குங்க?”

வயதைப் பற்றிய அந்தக் கேள்வி தவறான இடத்தில் கையை வைக்கிறது என்பதே என் கட்சி. விதிமுறைகளில் வயது ஒரு பெரிய தடையாகவே இல்லை. இக்னோவில் எம்.ஏ. சேர உச்ச வயது கிடையாது. கேட் தேர்வு எழுத வயது வரம்பு இல்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் உதவித்தொகைக்குத்தான் வயது பார்ப்பார்களே தவிர, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வரம்பு இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் படிப்பில் மகனும் அப்பாவும் ஒன்றாகவே சேரலாம். மூளையும் மக்கர் செய்வதில்லை. அமெரிக்காவில் 1956இல் வார்னர் ஷாயி தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்த சியாட்டில் ஆய்வு காட்டியது இதுதான்: வேகம் முதலில் குறைகிறது, சொல்வளமும் காரணம் கண்டு பொருத்தும் திறனும் நடுவயதில் நன்றாகவே நிற்கின்றன. ஆண்டுகள் போதும். போதாமல் போவது வாரத்தின் மணி நேரம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இக்னோ ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறது. 80 கிரெடிட் உள்ள எம்.ஏ. என்றால் 2,400 மணி நேரம். இரண்டே ஆண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம் வேண்டும். அனுமதித்திருக்கும் நான்கு ஆண்டையும் எடுத்துக்கொண்டால் வாரத்துக்குப் பதினொன்றரை. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் ஒருவர் 23 மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். பதினொன்றரையை எடுக்கலாம், தினம் ஒன்றரை மணி நேரம், வார விடுமுறை நாளில் கொஞ்சம் கூடுதல். எல்லோரும் எத்தனை வருஷக் கோர்ஸ் என்று கேட்டுவிட்டுக் குறைந்தபட்சக் காலத்தையே மனதில் எழுதிக்கொள்கிறார்கள். முதல் ஆண்டிலேயே அரியர் விழுகிறது. தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஏறாமல் இல்லை. நேரத்தைத் தப்பாகப் பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தை ஊர் எப்படித் தின்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மேற்குப் பக்கத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆவடியில் வேல்டெக், செயின்ட் பீட்டர்ஸ், மதுரவாயலில் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம், பூந்தமல்லியைத் தாண்டினால் பனிமலர், சவீதா, ராஜலட்சுமி, பட்டாபிராமில் 1969இலிருந்து இருக்கும் இந்துக் கல்லூரி, அதன் பெயரிலேயே ஒரு மின்சார ரயில் நிலையம். காலை ஏழு மணிக்கு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்லூரி பஸ்கள் வரிசை கட்டும். ஆனால் அந்த வரிசை பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரர்களுக்கானது. வேலை முடிந்து வருகிறவர் மாலை வகுப்பாக எம்.இ. படிக்க வேண்டுமென்றால் நினைவுக்கு வருவது கிண்டிதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதிநேர எம்.இ. ஆறு செமஸ்டர், மூன்று ஆண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜெனரல் ஷிஃப்ட் முடித்துவிட்டு மாலை நெரிசலில் கோயம்பேடு, வடபழனி வழியாகக் கிண்டி சேரவும், வகுப்பு முடிந்து இரவில் ஆவடி திரும்பவும் ஆகும் நேரத்தை வகுப்பு நேரத்தோடு கூட்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி சாலையில் போகும். செகண்ட் ஷிஃப்ட் வரும் வாரத்தில் வகுப்பே கிடையாது. கிண்டியில் பகுதிநேரம் முடித்தவர்களைக் கேட்டால், சூப்பர்வைசர் தயவால் ஷிஃப்டை மாற்றிக்கொண்ட கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

வேலை செய்பவர்களுக்கான பொறியியல் படிப்புகளைக் கல்லூரிகள் நெகிழ்வான நேரத்தில் நடத்தலாம் என்று ஏ.ஐ.சி.டி.இ. அண்மை ஆண்டுகளில் வழி திறந்துவிட்டிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வேலையில் இருப்பவர்களுக்காக இணையவழி எம்.டெக். நடத்துகிறது. பிட்ஸ் பிலானி 1979 முதலே வேலையோடு சேர்ந்த படிப்பை நடத்தி வருகிறது. ஆனால் இவை கட்டணத்தில் தொழிற்பேட்டைச் சம்பளத்துக்கு எட்டாதவை; பெரிய நிறுவனம் ஸ்பான்சர் செய்தால்தான் வசதி. முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு மெஷின் ஷாப்பின் முதலாளி அதைச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே இந்தப் பக்கத்தில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது ‘கரஸ்’. நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கி வைத்தது அஞ்சல்வழிக் கல்வி. 1981இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 1985இல் இக்னோ, 2002இல் சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இவற்றில் எம்.ஏ., எம்.காம். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களிலேயே முடிந்துவிடும். கரஸ் என்றால் மட்டம் என்ற பேச்சுக்கும் இனி சட்ட ஆதாரம் இல்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம், நேரடியாகப் படித்துப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்துவிட்டது.

அந்த அறிவிப்பில் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற நிபந்தனைதான் உயிர்நாடி. அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் இருந்தால் போதாது; அந்தப் படிப்புக்கும் நீங்கள் சேரும் ஆண்டுக்கும் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைவிட நம் ஊரில் பழக்கமான பெயர் உண்டா? 2014–15க்குப் பிறகு அது நடத்திய தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. பொது அறிவிப்பு கொடுத்தது. விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது. நடுவில் மாட்டிக்கொண்டது ஃபீஸ் கட்டி, பரீட்சை எழுதி, மார்க் ஷீட்டும் வாங்கி வைத்திருந்தவர்கள். அதற்கு முன் 2017 நவம்பரில், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறியியல், மருத்துவம், சட்டம், நர்சிங் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது என்பது இப்போது எழுதப்பட்ட விதி. தெருமுனை ஸ்டடி சென்டரில் ஒருவர் “ஒரே வருஷத்தில் எம்.டெக். வாங்கித் தரேன் சார்” என்றால் அங்கே உட்காரவே வேண்டாம்.

பட்டத்தை விற்பவரிடம் கேட்பதற்கு முன், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியவரிடம் கேளுங்கள் என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வது வழக்கம். அரசு வேலையில் இது மிகவும் நுணுக்கமான விஷயம். பத்தாவது, பிளஸ் டூ முடித்து அதன்பின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தைத்தான் ஏற்போம் என்று தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்ட் 18இல் அரசாணை 107 போட்டது. பிளஸ் டூ எழுதாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கி, அதன்மேல் எம்.ஏ.வும் முடித்தவர்கள் இன்றும் அந்த ஆணையில் முட்டி நிற்கிறார்கள். மேலே எத்தனை மாடி கட்டினாலும் அஸ்திவாரத்தைப் பார்த்துத்தான் பிளான் பாஸ் ஆகும்.

இன்க்ரிமென்ட் கணக்கும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அரசு ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு. அது சம்பளத்தோடு சேர்ந்து, ஓய்வூதியம் வரை கூடவே வரும். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தியது. பின்னர் வந்தது ஒரே முறை கொடுக்கும் தொகை. மத்திய அரசும் 2019 மார்ச் முதல் அப்படித்தான்: ஓராண்டுக்கு மேற்பட்ட முதுநிலைப் படிப்புக்கு 25,000 ரூபாய், பிஎச்.டி.க்கு 30,000, அதுவும் படிப்பு பார்க்கும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால். சி.வி.ஆர்.டி.இ.யிலோ மற்ற மத்திய அரசு அலுவலகங்களிலோ இருப்பவர் 25,000 ரூபாய்க்காக 2,400 மணி நேரம் செலவிடுவது லாபமா என்று வகுத்துப் பார்க்கலாம். மணிக்குப் பத்து ரூபாய் சொச்சம். ஆனால் அதே ஊழியருக்குக் கல்வி விடுப்பு என்ற வாய்ப்பும் இருக்கிறது. ஐந்தாண்டுப் பணி முடித்தவர், படித்துத் திரும்பியபின் ஓய்வுக்கு மூன்றாண்டாவது மிச்சமிருந்தால், பணிக்காலம் முழுவதிலும் பொதுவாக 24 மாதம் வரை கேட்கலாம். வயது உண்மையிலேயே கணக்கில் வரும் ஓர் இடம் இது. ஐம்பத்தாறில் கேட்டால் காலம் கடந்திருக்கும், நாற்பத்தைந்தில் கடக்கவில்லை.

தனியார் ஆலைக்காரருக்குப் பணக்கணக்கு இன்னும் எளிது. கட்டணம், புத்தகம், பயணம், விட்ட ஓ.டி. நான்கையும் கூட்டுங்கள். பட்டம் வந்தபின் மாதம் எவ்வளவு கூடும் என்று எச்.ஆரிடம் எழுத்தில் இல்லாவிட்டாலும் வாய்வார்த்தையாகவாவது கேளுங்கள். செலவை அந்தக் கூடுதல் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் மீளும் என்று தெரிந்துவிடும். கடன் வாங்கினால் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். மகளின் கல்லூரிக் கட்டணமும் உங்கள் கட்டணமும் ஒரே ஜூன் மாதத்தில் வந்து நின்றால் எது முன்னே போகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். இதற்குமேல் பணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பெண்களின் கணக்கு இப்படி நாலு வரியில் முடிகிற கணக்கு அல்ல. அம்பத்தூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, ஏழரைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தானும் ஒரு வேலைக்குப் போகிற பெண்மணி. மாலை ஏழுக்கு மறுபடி அடுப்பு. அவருக்கு வாரம் பதினொன்றரை மணி நேரம் எங்கேயிருந்து வரும்? அவரிடம் மிச்சமாக ஒன்றும் இல்லை. வீட்டிலிருக்கும் இன்னொருவர் தன் நேரத்திலிருந்து கொடுத்தால்தான் உண்டு. இதைக் குடும்பங்கள் உரக்கப் பேசுவதில்லை. “நீ படி, யாரு வேணாங்கறா” என்பார் கணவர். ஆனால் ராத்திரி சப்பாத்தியை யார் போடுவது என்ற பேச்சு எழாது. அனுமதி வேறு, நேரம் வேறு. நடுவயதில் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய பெண்களில் பலருக்கு முன்னது கிடைத்தது, பின்னது கிடைக்கவில்லை. அதனால் சேருவதற்கு முன் கணவரோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் உட்கார்ந்து, எந்த நாள் இரவுச் சமையல் யாருடையது, பரீட்சை மாதத்தில் ஊர்க் கல்யாணங்களுக்கு யார் போவது என்று நேரடியாகப் பேசி முடிப்பதைத்தான் நான் அட்மிஷனின் முதல் படி என்பேன். அப்ளிகேஷன் பிறகுதான்.

இக்னோ தேர்வு நடக்கும் ஜூன், டிசம்பர் மாதங்களில் ஏதாவது ஒரு தேர்வு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் போர்டில் தன் எண்ணைத் தேடிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் இருப்பார்கள். ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வளையலுக்குள் கைக்குட்டையைச் செருகி, நோட்ஸின் கடைசிப் பக்கத்தை வாசலிலேயே நின்று புரட்டும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் அஞ்சுவது வினாத்தாளுக்கு அல்ல, மூன்று மணி நேரம் விடாமல் எழுதுவதற்கு. இருபது ஆண்டு கையெழுத்தும் கடைக்கணக்கும் மட்டுமே எழுதிய கை இரண்டாம் மணி நேரத்தில் கட்டைவிரல் பக்கம் இறுகிப்போகும். தெரிந்த விடையைப் பாதியில் விட்டு வருவார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் இரண்டு பக்கம் பேனாவால் எழுதிப் பழகினால் இது தீரும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்தச் சின்ன விஷயத்தில் மதிப்பெண் போயிருக்கிறது.

பெண்களில் பலர் வைத்திருக்கும் குறிக்கோள் ஆசிரியர் வேலை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு டி.ஆர்.பி. வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்ந்திருக்கிறது. நாற்பத்தைந்தில் எம்.ஏ. முடிப்பவருக்கும் அந்தப் படிக்கட்டு இருக்கிறது. ஆனால் பி.எட். இல்லாமல் அதில் ஏற முடியாது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே பள்ளியில் பாடம் நடத்தும் பயிற்சி பெற்றவர்களுக்கானது. மற்றவர்கள் இரண்டாண்டு நேரடியாகக் கல்லூரிக்குப் போயே தீர வேண்டும். எம்.ஏ.வைக் கரஸில் முடித்துவிட்டுப் பிறகு பி.எட். எங்கே என்று தேடி மலைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கடைசிப் படியை முதலில் விசாரித்திருந்தால் வரிசையையே மாற்றியிருப்பார்கள்.

பிஎச்.டி. விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ.யோடு பணிபுரிபவர்களின் நெஞ்சில் இதுதான் கனம். அசோசியேட் புரொஃபசர் ஆகப் பிஎச்.டி. கட்டாயம். ஆள் குறைக்கும் காலத்தில் யாரிடம் அது இல்லையோ அவர் பெயர்தான் முதலில் வரும் என்ற பயம் வேறு. 2022 நவம்பர் யு.ஜி.சி. விதிகளின்படி பகுதிநேர ஆய்வுக்கு அனுமதி உண்டு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். தொலைநிலையில் பிஎச்.டி. கிடையாது. எம்.ஃபில். படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு மட்டும் என்றால் 2023 ஜூலை முதல் நெட், செட் தேர்வே போதும், பிஎச்.டி. விருப்பத்துக்கு உரியது என்று யு.ஜி.சி. மாற்றியிருப்பதையும் கலை, அறிவியல் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் ஆறு ஆண்டு ஆய்வைத் தொடங்குவதற்கு முன், அந்த வேலைக்கு நெட் போதுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

காகிதத்தில் இல்லாத கஷ்டங்களும் உண்டு. கைடு தன்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். அவரை ‘சார்’ என்று அழைத்து, அத்தியாயத்தைத் திருத்தித் தரும்வரை மூன்று வாரம் காத்திருப்பதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். பெரும்பாலும் நடுவயதுக்காரர்களிடம் அது இருக்கிறது. வேலையிடத்தில் அதைவிடக் கடினமானவற்றைப் பொறுத்துப் பழகியவர்கள். அவர்களைச் சாய்ப்பது வேறொன்று. பகலில் நான்கு வகுப்பு, அட்மிஷன் டியூட்டி, நாக் கமிட்டிக்கு ஃபைல் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம். ஆய்வுக்கு மிஞ்சுவது ஞாயிறு மட்டும். இந்த நெருக்கடியில்தான் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருபவர்களும் ஜர்னலில் பிரசுரித்துத் தருபவர்களும் வாட்ஸ்ஆப்பில் வந்து நிற்கிறார்கள். 2018 விதிகள் பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும் ஆய்வேட்டுக்குத் தண்டனை வைத்திருக்கின்றன. அதைவிடப் பெரிய தண்டனை, தான் எழுதாத ஆய்வேட்டின் பெயரில் வாழ்நாள் முழுவதும் ‘முனைவர்’ என்று கூப்பிடப்படுவது. தன் மாணவர்களுக்குக் காப்பியடிக்காதே என்று சொல்லும் தொழிலில் இருப்பவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டியதில்லை. வாரம் பத்து மணி நேரம் ஆய்வுக்கென ஒதுக்கித் தர நிர்வாகம் மறுத்தால், பதிவு செய்யாமல் இருப்பதே நேர்மையான முடிவு என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது வேலைக்காகப் படிப்பவர்களுக்கு. ஆசைக்காகப் படிப்பவருக்கு மேலே உள்ள பாதி எச்சரிக்கைகள் தேவையே இல்லை. நம்மிடம் நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. மு. வரதராசன் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். தானாகப் படித்து வித்துவான் ஆகி, பள்ளியில் தமிழாசிரியரானார். பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அப்போது அவருக்கு வயது 36. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இன்னொரு வழி ஐராவதம் மகாதேவனுடையது. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தபடியே சிந்து எழுத்துகளின் தொகுப்பை 1977இல் வெளியிட்டார். 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய பெருநூல் 2003இல், அவரது எழுபதுகளில் வந்தது. ஒரு பட்டத்துக்காக எழுதியது அல்ல அது. அந்தத் துறையில் யாரும் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. படிக்க வேண்டும் என்ற வேட்கைக்குச் சேர்க்கை எண் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படிப் படிக்க விரும்புபவருக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன.

ஆனாலும் சேர்ந்து படிப்பதில் ஒன்று இருக்கிறது. கெடு இருக்கிறது, கூடப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், யாரோ ஒருவர் விடைத்தாளைத் திருத்துகிறார். பாட்னாவில் ராஜ்குமார் வைஷ்யா என்ற முதியவர் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார எம்.ஏ. தேறி 2017இல் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 98.  ஓய்வுக்குப் பிறகு படிப்பவர் ஒரு விஷயத்தை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்: தான் எடுப்பது எண்ணிக்கை குறைவான சீட்டா? தர்மபுரி மாவட்டத்தின் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அறுபது வயதைத் தாண்டி நீட் தேறினார். 2022இல் கலந்தாய்வுக்கு வந்தவர், மகன் சொன்னதைக் கேட்டு, ஓர் இளைஞருக்கு இடம் கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். மருத்துவ இடத்துக்கு அது சரி. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. சேருபவர் யாருடைய இடத்தையும் எடுப்பதில்லை. தயங்காமல் சேரலாம்.

முடிவெடுக்க முடியாமல் நிற்பவருக்கு ஒரு வெள்ளோட்டம் இருக்கிறது. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பணம் இல்லை; தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட் உண்டு. தீபாவளி, ஆடிட், மகளுக்குக் காய்ச்சல், நைட் ஷிஃப்ட் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் வந்தே தீரும். அவற்றுக்கு நடுவே எத்தனை அசைன்மென்ட் போனது என்பதே பதில். பத்துக்கு மேல் போயிருந்தால் நான்கு ஆண்டுப் படிப்புக்கு உங்கள் வீடு தயார். நாலைந்துதான் போனது என்றால், படிப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நேரத்தை எங்கே விடுவிக்கலாம் என்று வீட்டில் மறுபடி பேசிவிட்டு அடுத்த சுற்றில் பார்க்கலாம். இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது.

தனிமனிதர் இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. அதை அவரால் சரிசெய்ய முடியாது. உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 என்று 2021–22 அகில இந்தியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுவதற்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அந்த விகிதத்தை வகுக்கும் மக்கள்தொகை 18 முதல் 23 வயதினர். நாற்பத்தொரு வயதில் படிக்க நினைப்பவர் அந்த வகுத்தியில் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் அரசுப் பள்ளி முடித்து நேராகக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு; நல்ல திட்டம். அதே மாணவியின் அம்மா இருபது ஆண்டு கழித்துப் படிக்க நினைத்தால் அவருக்கென்று ஒன்றும் இல்லை. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறந்தார்கள். இனி இந்தப் பக்கத்தில் கேட்கப்படும் திறமைகள் மாறும். அவற்றைக் கற்க வேண்டியவர்களில் பலர் ஏற்கெனவே இங்கே வேலையில் இருப்பவர்கள்.

இங்கே கல்லூரிக் கட்டடங்கள் மாலை ஐந்துக்குப் பூட்டப்படுகின்றன. ஆய்வகங்கள், நூலகம், புரொஜெக்டர், பேருந்து, எல்லாம் இருக்கின்றன. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மூன்று கல்லூரிகள் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை முதுநிலை வகுப்பு நடத்தினால், ஷிஃப்ட் மாறும் வாரத்துக்கு அதே வகுப்பைக் காலையில் ஒருமுறை மறுபடி எடுத்தால், கிண்டிக்குப் போகும் நேரம் முழுவதும் படிப்புக்கு மிஞ்சும். அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் அனுமதி தர வேண்டும். தொழிற்பேட்டைச் சங்கம் ஆள் எண்ணிக்கையைத் திரட்டித் தர வேண்டும். கடைசி மின்சார ரயிலுக்குள் வகுப்பு முடிய வேண்டும். புதிதாகக் கட்ட ஒரு செங்கல்கூட வேண்டியதில்லை. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் சாக்கடை, பட்டா, பாலம் பற்றிக் கேட்கும் நாம் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.